மழைக்கும் பனிக்கும் புறக்கடைக் கோழிக்கூண்டை ஆயத்தம் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் பத்து முதல் முப்பது கோழிகள் வரை வளர்ப்பவர்களை மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டின் சமவெளிக்கு உரியவை. நீலகிரிக்கு மட்டும் தனியே ஒரு விடை உண்டு.

நம் ஊரில் குளிர்காலம் என்று சொல்லும்படி ஒன்று இருக்கிறதா? அதற்காகக் கூண்டை மாற்றத்தான் வேண்டுமா?

பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் பிரித்தார்கள். கோழி வளர்ப்பவருக்கு இந்தப் பிரிவு இன்றும் பொருந்தும், ஏனெனில் நமக்குக் குளிர் தனியாக வருவதில்லை. இரண்டு மாத ஈரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகுகளுக்கு இடையே சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. உலர்ந்த இறகோடு இருக்கும் வளர்ந்த கோழி 18 டிகிரி மார்கழி இரவைப் பொருட்படுத்தாது. அதே கோழி நனைந்துவிட்டால் 24 டிகிரியிலும் நடுங்கும். ஆகவே நாம் ஆயத்தம் செய்ய வேண்டியது குளிரை எதிர்த்து அல்ல, ஈரத்தை எதிர்த்து. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் வேலைகள்தாம் பெரும்பாலும் கோழிகளை நோயில் தள்ளுகின்றன.

வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது?

ஆவணிக் கடைசியில் தொடங்கி, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வந்து சேர்கிறது. தடுப்பூசி போட்டபின் எதிர்ப்புத் திறன் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். தரையில் பரப்பும் உமி காய்ந்த நிலையில் கிடைப்பதும் மழைக்கு முன்புதான்.

இதில் பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு சிக்கல் உண்டு. புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சி சமைப்பதில்லை. சேவல்கள் விற்காமல் தங்கிவிடுகின்றன. மழை தொடங்கும் நேரத்தில் கூண்டில் வழக்கத்தைவிடக் கூடுதலான உருப்படிகள் இருக்கும். விற்க வேண்டிய சேவல்களை ஆவணியிலேயே விற்றுவிடுவது கூரையை மாற்றுவதற்கு நிகரான ஆயத்தம் என்றே சொல்வேன்.

கூரையிலும் சுவரிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒழுகும் இடத்தை மழையின்போது தேட வேண்டாம். நண்பகலில் கூண்டுக்குள் குனிந்து நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் ஊசிபோல் இறங்கும் ஒவ்வொரு துளையும் ஐப்பசியில் சொட்டும். தென்னங்கீற்றுக் கூரை என்றால் பழைய கீற்றின்மேல் புதுக்கீற்றைப் போர்த்துவதைவிட, மக்கியதை நீக்கிவிட்டு வேய்வதே நல்லது, ஏனெனில் மக்கிய கீற்று நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மழை நின்ற பின்னும் பல நாள் கூண்டுக்குள் ஈரம் விடும். தகரக் கூரை ஒழுகாது. ஆனால் விடியற்காலையில் அதன் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். தகரத்தின்மேல் ஒரு வரிசை கீற்றைப் பரப்பிக் கட்டினால் இது பெரிதும் குறையும்.

கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்கட்டும். இப்பருவத்தில் சாரல் வாடைக்காற்றோடு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிப்பதால், அந்த இரு பக்கங்களையும் மறைப்புக்கு உரியவையாகவும், தெற்கைக் காற்றுக்கு உரியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கூண்டின் தரை சுற்றியுள்ள மண்ணைவிட ஓரடியாவது உயர்ந்திருப்பதும், இறவார நீர் விழும் கோட்டில் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி அதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுவதும் செலவில்லாத வேலைகள்.

குளிரும் சாரலும் புகாமல் கூண்டைத் தார்ப்பாயால் முழுவதும் மூடிவிடலாமா?

கூடாது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், புயல் அறிவிப்பைக் கேட்டுப் பதறி, கூண்டின் நான்கு பக்கத்தையும் நீலத் தார்ப்பாயால் இறுகச் சுற்றி, ஓரங்களில் செங்கல் அடுக்கினேன். மூன்று நாள் மழை. நான்காம் நாள் காலையில் தார்ப்பாயை விலக்கியபோது மூத்திர வாடை மூக்கில் குத்தியது; தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர். வெளியிலிருந்து ஒரு சொட்டு மழையும் உள்ளே புகவில்லை. கோழிகளின் மூச்சும் எச்சமும் மட்டுமே அவ்வளவு ஈரத்தை உண்டாக்கியிருந்தன. அடுத்த வாரத்தில் ஏழு கோழிகளுக்குக் கண்ணோரம் நுரை கட்டியது, மூன்று செத்தன.

கணக்கு எளிது. வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் குடிக்கிறது. பத்துக் கோழி என்றால் இரண்டு லிட்டர். அதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வந்தாக வேண்டும். வெளியேற வழியில்லாத ஈரம் எச்சத்தோடு சேர்ந்து அம்மோனியாவைக் கிளப்புகிறது. அம்மோனியா மூச்சுக்குழலின் உட்படலத்தை அரிக்கிறது. அரிபட்ட இடத்தில் சளி நோய்க் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. உங்கள் மூக்குக்கு அந்த வாடை தெளிவாகத் தெரிகிறது என்றால் கோழியின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது முன்பே மிகுதியாகிவிட்டது.

சரியான முறை இது. மறைப்பின் கீழ் விளிம்பை நிலையாகக் கட்டிவிட்டு, மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி அமையுங்கள். எவ்வளவு கடும் மழையிலும் மேலே ஓரடி இடைவெளி திறந்தே இருக்கட்டும்; இறவாரம் அதைக் காக்கும். கோழிகள் அடையும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது, அவற்றின் தலைக்கு மேலே காற்று ஓட வேண்டும். மறைப்பின் அடிப்பகுதி சுவருக்கு வெளிப்புறமாகத் தொங்குவது முக்கியம். உட்புறம் தொங்கினால் வழியும் நீர் முழுவதும் தரைக் கூளத்தில் இறங்கும். தார்ப்பாயைவிடத் தைத்து இணைத்த கோணிச்சாக்கு காற்றை ஓரளவு விடும் என்றாலும், நனைந்தால் காய நாளாகும்; எனவே சாரல் பக்கத்துக்குத் தார்ப்பாய், மற்றப் பக்கத்துக்குச் சாக்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

தரையில் என்ன போடுவது? எப்படிப் பராமரிப்பது?

நெல் உமி, கடலைத் தோல், மரச்சீவல், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றில் உங்கள் ஊரில் மலிவாகவும் காய்ந்ததாகவும் கிடைப்பதைப் போடுங்கள். வைக்கோல் மட்டும் வேண்டாம், ஈரம் பட்டால் விரைவில் பூசணம் பூக்கும். அந்தப் பூசணத்தின் வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலில் இறங்கி உயிரைக் குடிக்கும். கோடையில் இரண்டு அங்குலக் கூளம் போதும் என்றால், மழைக்காலத்துக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் தேவை.

கூளத்தின் நிலையை அறியக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. மெல்ல விரிசல்விட்டு உதிர்ந்தால் சரி. பிடிக்கவே மறுத்துத் தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள இடத்தில்தான் கூளம் முதலில் அடையாகக் கட்டும். அந்த அடையைப் பெயர்த்து வெளியே எறிந்துவிட்டுப் புதிய உமியைப் போடுங்கள். மற்ற இடங்களை வாரத்துக்கு இருமுறையேனும் முள்வாரியால் கிளறிவிட வேண்டும். இந்த வேலையில் கோழிகளையே பங்காளியாக்கலாம்: மாலையில் ஒரு பிடி கம்பைக் கூளத்தின்மேல் வீசினால், இருட்டுவதற்குள் மூலைமுடுக்கெல்லாம் கிளறித் தந்துவிடும்.

ஈரக் கூளத்தின்மேல் சுண்ணாம்புத் தூளைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். சுண்ணாம்பு கூளத்தின் காரத்தன்மையைக் கூட்டுவதால், அடை கட்டிய கூளத்தில் அதைக் கலக்கும்போது அம்மோனியா முன்னிலும் வேகமாகக் கிளம்பும். முதலில் அடையை நீக்குங்கள். சுண்ணாம்பு, கூளம் முழுவதையும் அள்ளியபின் வெறுந்தரைக்கும் சுவருக்கும் பூசுவதற்கு ஏற்றது.

என் கோழிகள் கூண்டில் அடையாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. மழையில் என்ன செய்வது?

மரத்தில் அடையும் கோழிக்குக் காற்றோட்டக் குறை கிடையாது என்பது உண்மைதான். பங்குனியில் அதைத் தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அடைமழையில் இரவு முழுவதும் நனைந்த கோழி காலையில் சிறகைத் தொங்கவிட்டு நிற்கும். பெரும்பாலும் கூண்டில் உயரமான இருக்கை இல்லாததால்தான் அவை மரத்தை நாடுகின்றன. தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரத்தில், கோழி ஒன்றுக்கு ஒரு சாண் வீதம் குறுக்குச் சட்டங்களை அமையுங்கள். சட்டம் இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு மழுங்கிய மரமாக இருக்கட்டும். அகலமான சட்டத்தில் அமரும் கோழி விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும், தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும். மெலிந்த இரும்புக் குழாயில் அதற்கு இந்த வசதி இல்லை. பிறகு பத்து நாள் மாலைத் தீனியைக் கூண்டுக்குள் மட்டும் வையுங்கள். மழைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே இந்தப் பழக்கத்தைத் தொடங்கினால் கோழியைத் துரத்திப் பிடிக்கும் இரவு வேலை இருக்காது.

குளிர் மிகுந்த இரவில் நெருப்பு மூட்டலாமா? சாம்பிராணியோ வேப்பிலையோ புகை போடலாமா?

குமுட்டி அடுப்பையும் நெருப்புச் சட்டியையும் கூண்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். உமி பரப்பிய இடத்தில் ஒரு பொறி போதும். கரியடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமலே கொல்லும். கொசுவுக்காகப் புகை போடும் பழக்கத்தை முற்றிலும் குறை சொல்ல மாட்டேன். கோழிகள் அடைவதற்கு முன்னால், கூண்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் சற்று நேரம் போடலாம். உள்ளே கோழிகளை அடைத்துவைத்துப் புகை போடுவது, ஏற்கெனவே சளியோடு இருக்கும் கோழிக்குச் செய்யும் கொடுமை. வளர்ந்த கோழிக்குச் சமவெளியில் வெப்ப விளக்கு தேவையில்லை.

குஞ்சுகளுக்கு மட்டும் வெப்பம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். தாயில்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பமும், அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்தும் தர வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. விளிம்புக்கு ஓடி வாயைப் பிளந்து நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரி.

இப்போது புதிதாக ஒரு தவறு பரவியிருக்கிறது. பழைய குண்டு பல்பு எளிதில் கிடைக்காததால் எல்இடி பல்பைத் தொங்கவிட்டு, விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது. மின்பொருள் கடையில் கேட்டு இழை எரியும் குண்டு பல்பையோ குஞ்சுகளுக்கென விற்கும் வெப்ப விளக்கையோ வாங்குங்கள். இரண்டு கம்பிகளால் கட்டுங்கள், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும்.

சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி ஒன்று ஐப்பசியில் அடைக்கு உட்கார்ந்தால், முட்டை வைக்காமல் அடையைத் தெளியவைப்பதே நல்லது. எப்படியும் பொரித்துவிட்டது என்றால் தாயையும் குஞ்சுகளையும் மூன்று வாரம் வரை ஈர மண்ணில் விடாமல், உலர்ந்த திண்ணையில் சாக்கு விரித்து, பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையால் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலக் குஞ்சு இறப்பில் பெரும்பங்கு நனைவதாலும் இரத்தக் கழிச்சலாலும் நேர்கிறது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரியின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளிலேயே நோய் தரும் நிலைக்கு வந்துவிடும்.

தீவனத்தில் மாற்றம் தேவையா?

பனிக்காலத்தில் கோழி சற்றுக் கூடுதலாகத் தின்னும். மாலையில் அடைவதற்கு முன் கம்பு, சோளம் போன்ற முழுத் தானியம் கொடுத்தால் அது தீனிப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லச் செரித்து உடலுக்குச் சூடு தரும். அளவைவிடப் பெரிய கவலை பூசணம்தான். மழைக்காலத்தில் மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது கோழியின் ஈரலைக் கெடுத்து, தடுப்பூசியின் பயனையும் குறைக்கும். பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்தாலும், வறுத்தாலும் நஞ்சு போகாது. பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் வையுங்கள்.

மார்கழியில் முட்டை குறைவது ஏன்?

குளிரைவிட வெளிச்சமே காரணம். முட்டைக் கோழிக்கு நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. டிசம்பர் பிற்பகுதியில் சென்னையில் பகல் 11 மணி 20 நிமிடம் அளவே நீள்கிறது. இறகு உதிர்த்துப் புது இறகு போடும் கோழியும் முட்டையை நிறுத்திவிடும். மேம்படுத்திய இனங்கள் வைத்திருப்பவர்கள் அதிகாலை நான்கு மணிக்கு விளக்குப் போடலாம். மாலையில் போட்டுத் திடீரென்று அணைத்தால் கோழிகள் இருட்டில் சட்டம் ஏற முடியாமல் தடுமாறும். சிறுவிடை போன்ற நாட்டினத்துக்கு இந்தச் செலவு தேவையற்றது என்பது என் கருத்து.

எந்த நோய்களுக்கு முன்கூட்டியே தடுப்பு வேண்டும்?

முதலிடம் வெள்ளைக் கழிச்சலுக்கு. உத்தராகண்டின் மலை நகரமான ராணிக்கேத்தின் பெயரால் ராணிக்கேட் நோய் என்றும் இது அழைக்கப்படுகிறது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது ஆகியவை அடையாளங்கள். வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலடி ஊசியும் போடுவது நடைமுறை. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். ஆனால் மழைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பிப்ரவரி வரை காத்திருக்காமல் ஆவணியிலேயே உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் வெயிலில் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான். நோயுற்ற கோழிக்குப் போடக் கூடாது.

கொசு பெருகும் கார்த்திகை, மார்கழியில் கோழி அம்மை வரும். அதற்கும் தடுப்பூசி உண்டு. குடற்புழு நீக்க மருந்தைத் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி முதலியவற்றை அரைத்துக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. தடுப்பூசிக்கு மாற்றாக எண்ணுவதைத்தான் எதிர்க்கிறேன். ஓரிரு நாளில் பல கோழிகள் திடீரென இறந்தால் அறுத்துப் பார்க்காமல், விற்காமல், மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். இறந்தவற்றை ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வாய்க்காலில் வீசுவது நோயைப் பக்கத்து ஊருக்கு அனுப்பும் வேலை.

செள்ளு, உண்ணி, பாம்பு ஆகியவற்றுக்கு என்ன செய்வது?

செள்ளும் உண்ணியும் பகலில் மரச்சட்டத்தின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கி, இரவில் இரத்தம் குடிக்கும். இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கோடு போய்ச் சட்டத்தின் அடியில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள்; சிவப்புக் கறை பட்டால் ஐயமில்லை. வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். மழை நாளில் கோழிக்கு மண் குளியல் கிடைக்காது என்பதால், பழைய டயர் ஒன்றில் உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் நிரப்பிக் கூரைக்கு அடியில் வையுங்கள். நீர் புகுந்த வளையிலிருந்து வெளியேறும் பாம்பும் எலியும் உலர்ந்த இடமாகத் தேடி வருவது இப்பருவத்தில்தான். அரை அங்குலக் கண்ணுள்ள வலையைக் கீழிருந்து இரண்டடி உயரத்துக்கு அடியுங்கள். கீரிக்கும் அதுவே தடை.

உதகையிலும் கோத்தகிரியிலும் வளர்ப்பவர்களுக்கு இது பொருந்துமா?

அங்கே டிசம்பர், ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படர்கிறது. இரவு வெப்பம் பூச்சியத்தை நெருங்குவதும் உண்டு. பலகைச் சுவர், எட்டு அங்குலத்துக்குக் குறையாத கூளம், காலையில் வெதுவெதுப்பான குடிநீர் ஆகியவை வேண்டும். ஆனாலும் கூரைக்கு அடியில் உள்ள காற்றுவழியை அங்கும் அடைக்கக் கூடாது, ஏனெனில் ஈரக் காற்றில்தான் கொண்டை குளிரில் கருகுகிறது. பெரிய கொண்டையுள்ள சேவல்களுக்கு இது விரைவில் வரும். அசில் போன்ற சிறு கொண்டை இனங்கள் தப்பிக்கும்.

புயல் அறிவிப்பு வந்தால் கடைசி நாளில் செய்ய வேண்டியவை எவை?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில், டெல்டாவில் தென்னைகளே வேரோடு சாய்ந்தன. தகரக் கூரை எம்மாத்திரம்? சிறிய கூண்டென்றால் கோழிகளைப் பஞ்சாரத்திலோ காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ போட்டு வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள். பெரிய கூண்டென்றால் கூரையின்மேல் குறுக்காகக் கயிறு போட்டு நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டுங்கள். தார்ப்பாயை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். புயலில் அது பாய்மரமாகி, கூண்டையே இழுத்துச் சாய்க்கும். இரண்டு நாள் தண்ணீரையும் தீவனத்தையும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

மறைப்புகளை எப்போது எடுக்கலாம்?

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசிப் பாதிவரை இரவு மறைப்பை வைத்துக்கொண்டு, பகலில் முழுவதும் இறக்கிவிடுங்கள். மாசிக் கடைசியில் கூளம் அனைத்தையும் அள்ளிக் குழியில் மக்கவிடுங்கள். பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். தரையை இரண்டு நாள் வெயில் படவிட்டு, சுண்ணாம்பு பூசி, இரண்டு அங்குலம் புது உமி போடுங்கள். தார்ப்பாயைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எலி கடிக்காதபடி பரணில் தொங்கவிட்டால் அடுத்த புரட்டாசிக்கும் உதவும்.